வகுத்த எண் ஒன்று, எழுதிய அலகு வேறு

ஒரு டெராபைட் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஹார்டு டிஸ்கை விண்டோஸ் கணினியில் செருகினால் 931 ஜிபி என்று காட்டும். மீதி எங்கே போனது என்று கேட்டால், ஃபார்மட் செய்ததில் போய்விட்டது என்றுதான் பலரும் சொல்வார்கள். அது சரியல்ல. கோப்பு முறைமை தன் கணக்கு வழக்குக்கு எடுத்துக்கொள்ளும் இடம் மிகக் கொஞ்சம். பெட்டியில் சொன்ன ஒரு லட்சம் கோடி பைட்டும் வட்டுக்குள் அப்படியே இருக்கிறது. விண்டோஸ் அந்த எண்ணை 1024 ஆல் மூன்று முறை வகுக்கிறது, 931.32 வருகிறது. அப்படி வகுத்து வரும் எண்ணுக்கு உரிய அலகு ஜிபிபைட். விண்டோஸோ அதன் பக்கத்தில் ஜிகாபைட்டின் குறியீட்டை எழுதுகிறது. கணக்கில் தவறில்லை, எழுதிய பெயரில்தான் தவறு.

மென்பொருள் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: எதனால் வகுத்தீர்களோ, அதற்குரிய அலகை எழுதுங்கள். 1000 ஆல் வகுப்பதா 1024 ஆல் வகுப்பதா என்ற பழைய சண்டையில் எனக்கு அக்கறை குறைவு. இரண்டுக்கும் இடம் உண்டு. ஒன்றால் வகுத்துவிட்டு மற்றதன் பெயரை எழுதுவதற்குத்தான் இடமில்லை.

நம் எண்ணும் முறையில் சொன்னால் இந்த வித்தியாசம் உடனே மனத்தில் தங்கும். மெகாபைட் என்றால் பத்து லட்சம் பைட். ஜிகாபைட் என்றால் நூறு கோடி. டெராபைட் என்றால் ஒரு லட்சம் கோடி. இவை எல்லாம் பின்னால் பூஜ்யங்கள் மட்டுமே வரும் எண்கள். 1024 வழி வந்தவை அப்படி இல்லை. மெபிபைட் 10,48,576 பைட். ஜிபிபைட் 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824. டெபிபைட் 10,99,51,16,27,776. கிலோ அளவில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி 2.4 சதவீதம். மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் கிட்டத்தட்ட 10. ஒவ்வொரு படி ஏறும்போதும் இடைவெளி பெருகுகிறது. கிலோபைட் காலத்தில் கண்டுகொள்ளாமல் விட்ட ஒன்று இன்று பத்தில் ஒரு பங்கு பிழையாக வளர்ந்து நிற்கிறது.

1024 ஏன் வந்தது என்பதற்குக் காரணம் நினைவகச் சில்லில் இருக்கிறது. பத்து முகவரிக் கம்பிகள் இருந்தால் 1024 இடங்களைத் தொடலாம். ஒரு கம்பி கூடினால் இரட்டிப்பாகும். 1000 இடங்கள் உள்ள சில்லைச் செய்வதில் யாருக்கும் லாபமில்லை. அதனால் ராம் இன்றும் 1024 கணக்கிலேயே வருகிறது, 8 ஜிபி என்று விற்கும் ராமில் 8 ஜிபிபைட் இருக்கிறது. ஹார்டு டிஸ்குக்கு இந்தக் கட்டாயம் இல்லை. தட்டு எத்தனை, தடம் எத்தனை, ஒரு தடத்தில் துண்டு எத்தனை என்று பெருக்கினால் எந்த எண்ணும் வரலாம். வலையமைப்பிலும் அப்படித்தான். அங்கே அளவு கடிகாரத் துடிப்பிலிருந்து வருவதால், நொடிக்கு ஒரு ஜிகாபிட் என்றால் மிகச் சரியாக நூறு கோடி பிட். 1024 அங்கே நுழைந்ததே இல்லை.

ராமுக்கு ஒரு வழக்கம், வட்டுக்கும் வலைக்கும் இன்னொரு வழக்கம் என்று தெளிவாக நின்றிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். நிற்கவில்லை. மூன்றரை அங்குல ஃப்ளாப்பியைப் பாருங்கள். இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 துண்டு, துண்டுக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560. இதை 1024 ஆல் ஒரு முறை வகுத்தார்கள், 1440 வந்தது. பிறகு அதை 1000 ஆல் வகுத்து 1.44 எம்பி என்று ஒட்டினார்கள். அந்த ‘மெகா’ 10,24,000. எந்தத் தரத்திலும் அப்படி ஒரு மெகா கிடையாது. உண்மையில் அது 1.47 மெகாபைட், அல்லது 1.41 மெபிபைட். குறுந்தகட்டில் 700 எம்பி என்று போட்டிருப்பது மெபிபைட் கணக்கு: 80 நிமிடத் தகட்டில் 3,60,000 துண்டுகள், துண்டுக்கு 2048 பைட், ஆக 73,72,80,000 பைட், அதாவது 703 மெபிபைட். அதே உருவத்தில், அதே டிரைவில் போடும் டிவிடியின் 4.7 ஜிபி மட்டும் பத்தின் அடுக்கு. 4.5 ஜிபி என்று விண்டோஸ் காட்டும் ஒரு கோப்பை 4.7 ஜிபி டிவிடியில் எழுதப் பார்த்தால் இடம் போதாது, ஏனென்றால் அந்தத் தகடு 4.38 ஜிபிபைட்தான்.

தீர்வு வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசி 1998 டிசம்பரில் கிபி, மெபி, ஜிபி, டெபி, பெபி, எக்ஸ்பி என்ற இருமை முன்னொட்டுகளுக்கு ஒப்புதல் கொடுத்தது. அடுத்த மாதமே அவை அச்சாகி வந்தன. 2002 இல் மின் பொறியாளர்களின் அமைப்பான ஐஇஇஇ வகுத்த 1541 தரமும் இவற்றை ஏற்றது. 2008 முதல் இவை ஐஇசி 80000 இன் 13 ஆம் பகுதியில் இருக்கின்றன. குறியீடு எழுதும் முறை எளிது. பழைய எழுத்துக்கும் பைட்டைக் குறிக்கும் பெரிய பிக்கும் நடுவே சிறிய ஐ ஒன்றைச் செருக வேண்டும், அவ்வளவே. மெபிபைட்டுக்கு பெரிய எம், சிறிய ஐ, பெரிய பி. நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக், சில்லுகளைப் பற்றிப் பேசும்போது கிலோ, மெகா, ஜிகாவை 1024 கணக்கில் சொல்லும் வழக்கத்தைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. விண்டோஸ் பக்கம் பேசுகிறவர்கள் இதைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். அது சில்லுக்கான வழக்கு. கோப்பின் அளவுக்கு அதை இழுத்துவருவது பொருந்தாது.

எழுத்தின் பெரிது சிறிது பற்றி நிறையப் பேர் அலட்சியமாக இருக்கிறார்கள். எம் பெரியதாக இருந்தால் மெகா, சிறியதாக இருந்தால் மில்லி, அதாவது ஆயிரத்தில் ஒன்று. பி பெரியதாக இருந்தால் பைட், சிறியதாக இருந்தால் பிட். இரண்டையும் சிறியதாக எழுதினால் அது மில்லிபிட், உலகில் யாருக்கும் தேவைப்படாத அலகு. கிலோவின் கே எப்போதும் சிறியது, பெரிய கே கெல்வின் வெப்ப அலகுக்கு உரியது. பெரிய கே எழுதினால் 1024, சிறிய கே எழுதினால் 1000 என்று சிலர் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கிலோவோடு அது நின்றுவிட்டது. மெகாவின் எம் ஏற்கெனவே பெரியது, சிறியதாக்கினால் மில்லியாகிவிடும். அதனால் அந்த உத்தி ஒரு படிக்கு மேல் ஏறவே முடியாது. கிபிபைட்டின் குறியீட்டில் மட்டும் கே பெரியது, இதையும் மறக்கக் கூடாது. பிரெஞ்சுக்காரர்கள் பைட்டை ஆக்டெட் என்று சொல்லி ஓ எழுத்தால் குறிக்கிறார்கள். பிட்டா பைட்டா என்ற குழப்பம் அவர்களுக்கு அந்த ஒரு எழுத்தாலேயே தீர்ந்துவிட்டது. பார்த்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஒரு பைட் என்பது எட்டு பிட், ஆகவே பிட்டும் பைட்டும் குழம்பினால் எட்டு மடங்கு பிழை. நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் தரவிறக்கம் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் போகாது. ஈதர்நெட் சட்டகத்தின் தலைப்பு, இடைவெளி எல்லாம் சேர்த்துக் கம்பியில் 1538 பைட் போகும்போது உள்ளே இருக்கும் உண்மையான தரவு 1460 பைட்தான் என்பதால், நல்ல நிலையிலும் கையில் கிடைப்பது 11.9 அளவில் நிற்கும். உங்கள் நிரல் வேகத்தைக் காட்டுவதாக இருந்தால் கோப்பின் அளவையும் வேகத்தையும் ஒரே அலகில் காட்டுங்கள். 700 மெகாபைட் கோப்பு, நொடிக்கு 11.9 மெகாபைட் என்று இருந்தால் ஒரு நிமிடம் ஆகும் என்று யாரும் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். வேகத்தை மட்டும் மெகாபிட்டில் காட்டினால் அந்தக் கணக்கு அவர் கையை விட்டுப் போகிறது.

திரையில் தவறு நடந்தால் குழப்பத்தோடு போகும். மென்பொருளின் அமைப்புகளை எழுதிவைக்கும் கன்ஃபிக் கோப்பில் தவறு நடந்தால் சர்வர் விழும். ஒரே எழுத்தை ஒவ்வொரு மென்பொருளும் எப்படிப் படிக்கிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

எண்ணுக்குப் பின்னால் சிறிய எம் ஒன்று, எடுத்துக்காட்டாக 512 எம். நிரல்களைக் கண்டெய்னர் என்னும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் இதற்கு 512 மெபிபைட் என்று பொருள். ஜாவா தன் தரவை வைக்கும் நினைவகப் பகுதியான ஹீப்பின் அதிகபட்ச அளவைச் சொல்லும் அமைப்பிலும் அதே பொருள். வலைச் சேவையகமான என்ஜின்எக்ஸிலும் அதே. நினைவகத்தில் இயங்கும் தரவுத்தளமான ரெடிஸில் அதே எழுத்துக்கு 51 கோடியே 20 லட்சம் பைட் என்று பொருள், பத்தின் அடுக்கு. 1024 வேண்டுமானால் ரெடிஸில் எம்மோடு பியும் சேர்த்து எழுத வேண்டும். அங்கே பெரிது சிறிது வித்தியாசம் கிடையாது. 2 ஜி என்று எழுதுவதற்கும் 2 ஜிபி என்று எழுதுவதற்கும் நடுவே 14.7 கோடி பைட் வித்தியாசம். கண்டெய்னர்களைப் பல கணினிகளில் பகிர்ந்து நிர்வகிக்கும் குபெர்நெட்டஸில் சிறிய எம்முக்கு மில்லி என்றே பொருள். 512 சிறிய எம் நினைவகம் கேட்டால் நீங்கள் கேட்டது அரை பைட்டுக்குச் சற்று மேல். செயலிக்கு 500 சிறிய எம் என்றால் பாதி கோர் என்பது சரியான வழக்கம், அந்தப் பழக்கத்தில் கை அப்படியே நினைவகத்துக்கும் எழுதிவிடும். அதைக் குறைந்தபட்சத் தேவையாக எழுதினால் மறுக்காது, புதிய பதிப்புகளில் ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். இந்த நிரலுக்கு நினைவகமே வேண்டாம் போலிருக்கிறது என்று எண்ணி, ஏற்கெனவே நிரம்பிய கணினியில் கொண்டுபோய் வைத்துவிடும். உச்சவரம்பாக எழுதினால் கண்டெய்னர் எழவே எழாது.

குபெர்நெட்டஸில் பெரிய எம் மட்டும் எழுதினால் பத்தின் அடுக்கு, பெரிய எம்மும் சிறிய ஐயும் எழுதினால் இருமை. தரத்தின்படி இதுதான் ஒழுங்கு, அதனால் அதைக் குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் இருக்கும் ஜாவாவோடு சேரும்போதுதான் அடி விழுகிறது. உச்சவரம்பை 512 பெரிய எம் என்று வைத்து, உள்ளே ஓடும் ஜாவாவின் ஹீப்பையும் 512 சிறிய எம் என்று வைத்தவர் இரண்டும் சமம் என்று நினைப்பார். வரம்பு 51,20,00,000. ஹீப் 53,68,70,912 வரை வளரலாம். ஹீப் மட்டுமே வரம்பைவிட 2.49 கோடி பைட் பெரியது. ஹீப்புக்கு வெளியே ஜாவா எடுத்துக்கொள்ளும் இடம் வேறு இருக்கிறது. சுமை குறைவாக இருக்கும் வரை ஓடும். கூட்டம் கூடும் நாளில் இயங்குதளத்தின் மையமான கர்னல் அதைக் கொன்றுவிடும், ஜாவாவின் பதிவில் ஒரு வரிகூட இருக்காது. வரம்பை மெபிபைட்டில் எழுதி, ஹீப்பை அதில் முக்கால் பங்குக்குள் நிறுத்துவது நல்ல தொடக்கம்.

வலைத்தள நிரல்மொழியான பிஎச்பியில் கதை வேறு. அங்கே கே, எம், ஜி என்ற ஒற்றை எழுத்துதான் செல்லும், எல்லாம் 1024 கணக்கு. பதிவேற்ற வரம்பை 10 எம் என்று எழுதாமல் 10 எம்பி என்று எழுதினால், கடைசி எழுத்தான பியை அதற்குப் புரியாது. 10 பைட் என்று எடுத்துக்கொள்ளும். 8.2 பதிப்பிலிருந்து எச்சரிக்கையாவது வருகிறது, அதற்கு முன்பு அமைதியாக எல்லாப் பதிவேற்றத்தையும் மறுக்கும். என்ஜின்எக்ஸ் இந்த விஷயத்தில் நேர்மையானது. பி சேர்த்தால் மதிப்பு செல்லாது என்று சொல்லித் தொடங்க மறுத்துவிடும். தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ் நேரெதிர்: பி இல்லாவிட்டால் ஏற்காது. கிலோவுக்கு சிறிய கே, பெரிய பி என்று எழுத்துச் சுத்தமாகக் கேட்கும், பெரிய கே எழுதினால் மறுக்கும். இவ்வளவு கறாராக இருந்துவிட்டு உள்ளே 1024 ஆல்தான் பெருக்குகிறது என்பது வருத்தம். அலகே எழுதாமல் வெறும் எண்ணைக் கொடுத்தால் பகிர்ந்து பயன்படுத்தும் நினைவகத்துக்கான ஷேர்டு பஃபர்ஸ் அமைப்பு அதை 8 கிபிபைட் தொகுதிகளின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளும். 128 என்று மட்டும் எழுதினால் கிடைப்பது ஒரே ஒரு மெபிபைட். வினவல் வேலைக்கான நினைவகத்தைச் சொல்லும் வொர்க் மெம் அமைப்பில் அதே வெற்று எண்ணுக்குக் கிபிபைட் என்று பொருள். எந்த கன்ஃபிக்கிலும் எண்ணை அலகில்லாமல் விடாதீர்கள்.

லினக்ஸ் கட்டளைகளிலும் இரட்டை வழக்கு உண்டு. தரவை நகலெடுக்கும் டிடி கட்டளையில் எம் என்றால் 10,48,576, எம்பி என்றால் பத்து லட்சம். வட்டில் உள்ள இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளைக்கு சிறிய எச் கொடுத்தால் 1024, பெரிய எச் கொடுத்தால் 1000. நினைவக விவரத்தைத் தரும் மெம்இன்ஃபோ கோப்பு கிட்டத்தட்ட ஒவ்வொரு வரியிலும் கிலோபைட் குறியீட்டைப் போட்டுவிட்டுக் கிபிபைட்டில் எண் தருகிறது. அதைப் படித்துத் திரையில் காட்டும் கருவி எழுதுகிறவர்கள் கண்டிப்பாக 1024 ஆல் பெருக்கித்தான் பைட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நல்ல முன்மாதிரியும் அதே கர்னலில் இருக்கிறது. வட்டைக் கண்டுபிடித்ததும் அது பதிவில் எழுதும் வரியில் 512 பைட் துண்டுகள் 97,67,73,168 என்று எண்ணிக்கை, அடைப்புக்குள் 500 ஜிகாபைட், சாய்கோடு, 466 ஜிபிபைட் என்று இரண்டையும் அதனதன் குறியீட்டோடு தருகிறது. எனக்குத் தெரிந்து ஒரு வரியில் இவ்வளவு தெளிவாக இதைச் சொன்ன மென்பொருள் குறைவு.

இனி நிரலுக்கு வருவோம். உள்ளே எல்லாமே பைட், முழு எண், 64 பிட். அலகு என்பது திரைக்குப் போகும் கடைசி நொடியில் ஒட்டும் சீட்டு. மாறியின் பெயரிலேயே பைட் என்று எழுதுங்கள். ‘மேக்ஸ் சைஸ்’ என்ற பெயரைப் பார்க்கும் அடுத்த ஆள் அதில் இருப்பது பைட்டா மெகாபைட்டா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். 32 பிட் மாறியில் வைத்தால் 2 ஜிபிபைட்டில் எதிர்மறையாகத் திரும்பும், குறியில்லாத மாறியானால் 4 ஜிபிபைட்டில் பூஜ்யமாகும். ஜாவாஸ்கிரிப்டில் எண்கள் 8 பெபிபைட் வரை துல்லியமாக இருக்கும், கோப்புகளுக்கு அது போதும்.

அளவை அழகாகக் காட்டும் சிறு செயற்கூற்றை எல்லோரும் எங்கிருந்தோ நகலெடுக்கிறார்கள். நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலேயே மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட ஜாவா துணுக்கு என்று ஆய்வில் தெரியவந்தது இந்த வேலையைச் செய்யும் ஒன்றுதான். அதில் பிழை இருந்தது என்று 2019 இல் அதை எழுதியவரே விளக்கி எழுதினார். 9,99,999 பைட்டைக் கொடுத்தால் ஒரு மெகாபைட் என்று சொல்லாமல் 1000.0 கிலோபைட் என்று சொல்லும். முதலில் மடக்கை போட்டு எந்த அலகு என்று முடிவு செய்கிறது, பிறகு முழுமையாக்குகிறது. முழுமையாக்கும்போது எண் அடுத்த படிக்கு ஏறிவிடுவதைப் பார்ப்பதில்லை. மடக்கையை விட்டுவிடுங்கள். பூஜ்யம் கொடுத்தால் அது எதிர்ம முடிவிலிக்குப் போகும் என்பது இன்னொரு தொல்லை. ஒரு சிறிய சுழற்சி போதும்: எண் 999.95 க்குக் கீழே வரும் வரை 1000 ஆல் வகுத்துக்கொண்டே அலகை ஒரு படி ஏற்றுங்கள், ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்குங்கள். இருமைக் கணக்கானால் 1023.95, 1024. சோதிக்க வேண்டிய மதிப்புகள் 0, 1, 999, 1000, 1023, 1024, 9,99,949, 9,99,950, 10,48,575, 10,48,576. இவற்றில் 9,99,949 ஐக் கொடுத்தால் 999.9 கிலோபைட் வர வேண்டும், ஒன்று கூடிய அடுத்த எண்ணுக்கு 1.0 மெகாபைட் வர வேண்டும்.

முழுமையாக்குவதற்கும் திசை உண்டு. காலி இடத்தைக் காட்டும்போது கீழ்நோக்கி, தேவையான இடத்தைக் காட்டும்போது மேல்நோக்கி. 4.96 இருக்கும் இடத்தை 5.0 காலி என்று காட்டி, 5.0 தேவைப்படும் நிறுவலை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்துவதைவிட மோசமான அனுபவம் இல்லை.

1000 ஆ 1024 ஆ எதைத் தேர்வது என்று கேட்பவர்களுக்கு என் பரிந்துரை: கோப்பு, வட்டு, தரவிறக்கம் ஆகியவற்றுக்கு 1000, நினைவகத்துக்கு 1024. மேக் கணினிகள் 2009 இல் வந்த ஸ்னோ லெப்பர்டிலிருந்து கோப்புகளுக்கு 1000 ஆல்தான் வகுக்கின்றன. அங்கே ஒரு டெராபைட் வட்டு ஒரு டெராபைட்டாகவே தெரிகிறது. உங்கள் பயனர்கள் பெரும்பாலும் விண்டோஸில் இருந்து, அது காட்டும் எண்ணோடு உங்கள் எண் ஒத்துப்போக வேண்டும் என்றால் 1024 ஆல் வகுத்து இருமைக் குறியீட்டை எழுதுங்கள். எண் ஒத்துப்போகும், பெயரும் சரியாக இருக்கும்.

பதிவேற்ற வரம்பில் இரண்டு கணக்கும் மோதும். ‘10 மெகாபைட்டுக்குள்’ என்று பக்கத்தில் எழுதி, நிரலில் 1,00,00,000 என்று வைத்தால், 1,02,00,000 பைட் உள்ள கோப்பை விண்டோஸ் 9.72 என்று காட்டும், உங்கள் தளம் பெரியது என்று திருப்பி அனுப்பும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் சான்றிதழை ஏற்ற முயலும் ஒருவருக்கு அது என்ன பாடுபடுத்தும் என்று எண்ணிப் பாருங்கள். நிரலில் 1,04,85,760 என்று வையுங்கள். பக்கத்தில் சொன்ன 10 மெகாபைட்டை எந்தக் கணினியின் கணக்கிலும் நீங்கள் மறுக்க மாட்டீர்கள். பிஎச்பி தளமானால் கோப்பு வரம்பு 10 எம், முழு போஸ்ட் வரம்பு 12 எம், என்ஜின்எக்ஸில் கோரிக்கையின் உடலுக்கான வரம்பும் 12 எம் என்று படியாக இருக்கட்டும், ஏனென்றால் படிவத்தின் மற்றப் புலங்களும் அதே கோரிக்கையில் வருகின்றன. என்ஜின்எக்ஸில் எதுவும் எழுதாவிட்டால் வரம்பு ஒரு மெபிபைட்தான். கோரிக்கை மிகப் பெரியது என்று சொல்லும் ‘413’ பிழைகள் பலவற்றுக்கு அதுவே காரணம். மின்னஞ்சலில் போகும் இணைப்பானால் கோப்பை வெறும் எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 குறியாக்கம் அதை 37 சதவீதம் வரை பெருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள். 25 என்று சொல்லும் அஞ்சல் வரம்பில் 18 தான் போகும். மறுக்கும் செய்தியில் வரம்பையும் கோப்பின் அளவையும் ஒரே அலகில், ஒரே தசம இடத்தில் சொல்லுங்கள்.

தமிழாக்கம் செய்பவர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. தரம் தன் வேறுபாடுகளையெல்லாம் எழுத்தின் பெரிது சிறிதில் வைத்திருக்கிறது. நம் எழுத்தில் பெரிது சிறிதே இல்லை. மெகாபிட்டும் எம்பி, மெகாபைட்டும் எம்பி. நொடிக்கு மெகாபிட் என்பதைத் தமிழில் எழுத்துப்பெயர்த்தால் மருத்துவப் பட்டத்தின் பெயர் வந்து நிற்கிறது. ஜிகாபைட்டின் சுருக்கமான ஜிபியும், இருமை முன்னொட்டான ஜிபியும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஆகவே தமிழ் இடைமுகத்தில் குறியீட்டை ரோமன் எழுத்திலேயே விட்டுவிடுவது நல்லது. அலகுக் குறியீடு சுருக்கச் சொல் அல்ல, கணிதக் குறி போன்றது. அதற்குப் புள்ளியும் கிடையாது, பன்மையும் கிடையாது. எண்ணுக்கும் குறியீட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும், வரி உடையும்போது இரண்டும் பிரியாதபடி உடையா இடைவெளியாக அது இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதத்தான் வேண்டும் என்றால் சுருக்கத்தை விட்டு முழுச்சொல்லாக எழுதுங்கள்: கோப்புக்கு மெகாபைட், இணைப்பு வேகத்துக்கு நொடிக்கு மெகாபிட், நினைவகத்துக்கு மெபிபைட். மொழிபெயர்ப்புக் கோப்பில் இந்த மூன்றும் மூன்று தனித் தொடர்களாக இருக்கட்டும், எண்ணின் இடத்தை மொழிபெயர்ப்பாளரே நகர்த்த வழி இருக்கட்டும். ‘நொடிக்கு’ என்ற சொல் தமிழில் எண்ணுக்கு முன்னால் வர வேண்டும், நிரல் எண்ணையும் அலகையும் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஒருபோதும் அங்கே போய்ச் சேராது.